ஒன்றரை சென்டிமீட்டர் கட்டம்

எங்கள் குடும்பத்தில் இரண்டு டேப்கள் இருந்தன. இரண்டும் வீட்டுக்குள் வந்ததில்லை.

அப்பா தாராவியில் ஒரு தையல் பட்டறையில் துணி வெட்டுபவர். பெரியப்பா அடுத்த சந்தில் தோல் பை செய்யும் பட்டறையில் தோல் வெட்டுபவர். பகல் முழுக்க அப்பாவின் கழுத்தில் துணி டேப் தொங்கும். பெரியப்பாவின் சட்டைப் பையில் இரும்பு டேப் கனக்கும். சாயங்காலம் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது இருவரும் டேப்பையும் கழற்றி மின்சார மீட்டர் பெட்டியின் மேல் வைத்துவிட்டு உள்ளே நுழைவார்கள். வேலை செய்கிற கருவியை வீட்டுக்குள் கொண்டுவரக் கூடாது என்று ஏதோ சாஸ்திரம் இருப்பதாக நான் நினைத்திருந்தேன்.

சாஸ்திரம் ஒன்றுமில்லை. அந்த வீடு பத்தடி அகலமும் பதினெட்டடி நீளமும் உள்ள ஒரே அறை. பம்பாயில் அதைக் கோலி என்பார்கள். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்த அண்ணனும் தம்பியும் சேர்ந்து சம்பாதித்து, சேர்ந்து வாங்கியது. முன்பக்கம் சந்துப் பக்கம் பார்த்த கதவு. அதை ஒட்டி, குளிக்கவும் பாத்திரம் கழுவவும் மோரி. மோரிக்குள் ஒரே தண்ணீர்க் குழாய். பின்பக்கம் ஒரு ஜன்னல். நடுவில் மேல்தட்டுக்கு ஏறும் இரும்பு ஏணி. இந்த அறைக்குள் பெரியப்பா, பெரியம்மா, அண்ணன், அப்பா, அம்மா, நான் என்று ஆறு பேர் ஒருவர் காலை ஒருவர் மிதிக்காமல் வாழப் பழகியிருந்தோம்.

அண்ணன் என்றால் பெரியப்பாவின் ஒரே மகன். அந்த வருடம் அவனுக்குப் பெண் பார்த்திருந்தார்கள். பாண்டுப்பில் இருந்த பெண் வீட்டார் எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டுக் கடைசியில் ஒன்று கேட்டார்கள்: மாப்பிள்ளைக்குத் தனியாக ஓர் அறை உண்டுதானே? உண்டு என்று பெரியம்மா சொல்லிவிட்டு வந்தாள். அந்த அறையை உண்டாக்க ஒரே வழி, கோலியின் நடுவில் ஒரு சுவர். சுவர் வந்தால் வீடு இரண்டு குடும்பமாகும். கதவும் குழாயும் ஒரு பக்கம் போகும். ஜன்னல் மட்டும் மறுபக்கம் மிஞ்சும். இது பெரியவர்கள் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. ஆனால் யாரும் வாயைத் திறக்கவில்லை. முதலில் பேசுகிறவர்தான் வீட்டைப் பிரித்தவர் என்று ஊர்வரைக்கும் பேர் போகும். அண்ணன் தம்பி சேர்ந்து வாழும் வீட்டுக்குள் டேப்பை விரிப்பது, பேசுவதைவிடப் பெரிய காரியம்.

அந்தச் சமயம் பார்த்துத்தான் ஐந்தாம் வகுப்புக் கணக்கு மிஸ் எனக்கு வீட்டுப்பாடம் கொடுத்தார்.

"மிஸ் வீட்ட அளந்துட்டு வரச் சொன்னாங்க" என்றேன், புத்தகப் பையை இறக்குவதற்கு முன்பே.

பெரியம்மா வெங்காயம் நறுக்குவதை நிறுத்தினாள். "எந்த வீட்டட்டி?"

"நம்ம வீட்டத்தான். அளந்து, கட்டம் போட்ட தாள்ல வரையணும். ஒரு கட்டத்துக்கு ஒரு அடி."

"யாரு சொல்லச் சொன்னா?" என்று அவள் என் அம்மாவைப் பார்த்தாள்.

"மிஸ்தான் பெரியம்மா. எல்லாரும் செய்யணும். மார்க்கு உண்டு."

பெரியப்பா சுவரில் சாய்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். அப்பா எதிரில். இருவரும் என்னைப் பார்த்தார்கள். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை. பிறகு பெரியப்பா தொண்டையைச் செருமினார்.

"பள்ளிக்கூடத்துல சொல்லிட்டா செஞ்சுதான் ஆவணும்லா?"

"ஆமா, படிப்பு விசயம்லா" என்றார் அப்பா.

இருவரும் ஒரே நேரத்தில் எழுந்து வாசலுக்குப் போனார்கள். மீட்டர் பெட்டி மேலிருந்து இரண்டு டேப்பும் முதல்முறையாக வீட்டுக்குள் வந்தன.

என்னுடைய எந்த வீட்டுப்பாடத்துக்கும் அதுவரை அவ்வளவு மரியாதை கிடைத்ததில்லை. அண்ணன் பாயைச் சுருட்டினான். அம்மா அரிசி டின்னை நகர்த்தினாள். பெரியப்பா ஒரு முனையும் அப்பா மறுமுனையுமாகச் சுவரோடு சுவராகக் குனிந்தார்கள். அப்பாவின் டேப் பதினெட்டுக்கு இரண்டு இஞ்சு குறைவாகக் காட்டியது. பெரியப்பாவின் டேப் சரியாகப் பதினெட்டு என்றது.

"தம்பி, ஒன் டேப்புல உள்ளதயே எழுதச் சொல்லு."

"இல்ல அண்ணாச்சி. துணி டேப்பு இழுபட்டிருக்கும். ஒங்களதுதான் சரி."

"ரெண்டு இஞ்சுல என்ன கெடக்கு?"

"ஒண்ணும் கெடக்கல அண்ணாச்சி. சும்மா சொன்னேன்."

நான் பதினெட்டு என்று எழுதிக்கொண்டேன்.

அம்மா என் தோளுக்குப் பின்னாலிருந்து, "பைப்பு செவத்துலேர்ந்து எத்தன அடின்னும் எழுது" என்றாள்.

"மிஸ் பைப்பு கேக்கல."

"கேக்கலன்னாலும் எழுது."

உடனே பெரியம்மா, ஜன்னலின் அகலத்தையும் உயரத்தையும் எழுதச் சொன்னாள். ஜன்னல் இருக்கிற இடத்தில் ஒரு கதவு வைக்க முடியுமா என்று அண்ணன் ஒரு கேள்வி கேட்டான். யாரும் பதில் சொல்லாததால், மிஸ் அப்படி எதுவும் சொல்லவில்லை என்று நானே பதில் சொன்னேன்.

அளந்தாகிவிட்டது. தாள்தான் இல்லை.

மிஸ்ஸின் நிபந்தனைகள் கறாரானவை. எல்லாக் கட்டமும் சமமாக இருக்க வேண்டும். தாளை ஒட்டுப்போடக் கூடாது. பென்சிலில்தான் வரைய வேண்டும். ஒரு கட்டம் எத்தனை சென்டிமீட்டர் என்று கீழே எழுத வேண்டும். அதை அவர் ஸ்கேல் வைத்துப் பார்ப்பார். முதலில் டிராயிங் தாளில் நானே கோடு போட்டுப் பார்த்தேன். மேலே சரியாகத் தொடங்கிய கட்டங்கள் கீழே வர வர ஒரு பக்கம் சாய்ந்து, வீடு சரிந்து விழப்போவதுபோல் இருந்தது. கிழித்துப் போட்டேன். எனக்குப் பத்துக்குப் பத்து வேண்டும். அந்த வருடம் கணக்கில் அதற்கு முன் அப்படி ஒன்று வாங்கியதில்லை.

ஞாயிற்றுக்கிழமை அண்ணன், "வாட்டி, நான் வாங்கித் தாரேன்" என்றான். என்னைக் கடைக்குக் கூட்டிப் போவது அவன் வழக்கமில்லை. லீவு நாளில் மதியம்வரைக்கும் மேல்தட்டில் குப்புறப் படுத்துக் கிடப்பவன், அன்று குளித்துத் தலைசீவிப் புறப்பட்டான்.

மாட்டுங்காவுக்கு நடந்தோம். அங்கே பெரிய ஸ்டேஷனரிக் கடையில் கிராஃப் தாள் கேட்டதும் கடைக்காரர் பச்சை நிறத்தில் ஒரு கட்டு எடுத்துப் போட்டார். கொசுவலைபோல் நுணுக்கமான கட்டங்கள். கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தால் கண்ணுக்குள் எறும்பு ஓடியது.

அண்ணன் தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். "இது சரிப்படாதுட்டி. இதுல கோடு போட்டா எங்கப்பாவுக்குக் கண்ணே தெரியாது."

"பெரியப்பா எதுக்குப் பாக்கணும்?"

"பாக்காம? வீட்டுப் பிள்ள வரஞ்சத பாக்க மாட்டாவளா?"

அடுத்து கடைக்காரர், ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் எண் எழுதும் பெரிய கட்ட நோட்டை எடுத்தார். கட்டம் அழகாக இருந்தது. ஆனால் எண்ணிப் பார்த்தபோது ஒரு பக்கத்தில் நீளவாக்கில் பதினெட்டுக் கட்டம் வரவில்லை. எங்கள் வீடு நோட்டுக்கு அடங்கவில்லை. என்ன தாளில் போட்டாலும் அடங்காத அப்படிப்பட்ட பங்களா தாராவியில் எங்கே இருக்கிறது என்று கடைக்காரர் இந்தியில் கேட்டுவிட்டு, இரண்டு பக்கத்தைச் சேர்த்து ஒட்டச் சொன்னார். ஒட்டக் கூடாது என்றேன். அப்படியானால் அச்சடித்துத்தான் வாங்க வேண்டும், நெட்டில் எல்லாம் கிடைக்கிறது என்றார், அடுத்த ஆளுக்குப் பேனா எடுத்தபடியே.

திரும்பி தாராவிக்கே வந்து, மெயின் ரோட்டில் ஜெராக்ஸ் கடை வைத்திருந்த அக்காவிடம் போனோம். அக்கா பம்பாயிலேயே பிறந்த தமிழச்சி. தமிழில் தொடங்கும் வாக்கியம் இந்தியில் போய் முடியும். அடையாள அட்டை நகல் எடுக்க வந்தவர்கள் வாசல்வரை நின்றார்கள். அண்ணன் தன் போனில் தேடி, கட்டத் தாள் தயாரித்துக் கொடுக்கும் ஒரு பக்கத்தைக் கண்டுபிடித்தான். கட்டத்தின் அளவு, கோட்டின் நிறம், கோட்டின் தடிமன், தாளின் அளவு என்று ஒவ்வொன்றாகக் கேட்டது. இவ்வளவு கேள்வி பாண்டுப்காரர்கள்கூடக் கேட்கவில்லை என்றான்.

ஒரு சென்டிமீட்டர் போதும் என்றேன் நான். வீடு முழுதும் அடங்கி, சுற்றிலும் இடம் மிஞ்சும்.

"அர அடி வந்தா அதுல எப்படிக் காட்டுவ? நசுங்கிப் போவும்லா?"

"மிஸ் அர அடியெல்லாம் வேண்டாம்னுட்டாங்க."

"மிஸ்ஸுக்கு வேண்டாம். வீட்டுக்கு வேணும்."

"வீட்டுக்கு எதுக்கு?"

"பள்ளிக்கூடத்துக்கு ஒண்ணு, வீட்டுக்கு ஒண்ணு. நம்ம வீட்டப் படமாப் போட்டா நம்ம வீட்டுல ஒண்ணு வேண்டாமா?"

அது நியாயமாகப் பட்டது. இரண்டு சென்டிமீட்டர் வைத்துப் பார்த்தோம். பின் ஜன்னல் தாளுக்கு வெளியே போய்விட்டது. ஒன்றரை வைத்தோம். அகலத்துக்குப் பத்து, நீளத்துக்குப் பதினெட்டு, இரண்டும் உள்ளே நின்றன. பாதிக் கட்டத்தில் கோடு போட்டாலும் தெளிவாகத் தெரியும் என்று அண்ணன் விரல் நகத்தால் போனின் மேல் கோடு இழுத்துக் காட்டினான்.

நிறத்துக்கு நான் ரோஸ் என்றேன். அக்காவின் கறுப்பு வெள்ளை மெஷினில் ரோஸ், புள்ளி புள்ளியாக அம்மை போட்டதுபோல் வந்தது. கறுப்பு வைத்தால் கட்டங்கள் ஜன்னல் கம்பிபோல் முன்னால் வந்து நின்றன. பென்சில் கோடு அவற்றில் தொலைந்துபோனது. கடைசியில் மெல்லிய சாம்பல் நிறம். பென்சில் மேலே தெரியும், கட்டம் அடியில் தெரியும். அக்கா அழுத்தினாள், தாள் வந்தது, சூடாக இருந்தது. நான் காம்பஸ் டப்பாவிலிருந்து ஸ்கேலை எடுத்து வைத்தேன். பத்துக் கட்டம் பதினைந்து சென்டிமீட்டர் வர வேண்டும். வரவில்லை. பதினாலரைகூட எட்டவில்லை.

"அக்கா, கட்டம் சின்னதாயிட்டு."

"அரே பாப்பா, பால் பராபர் ஃபரக், தலமுடி அளவுதான். மிஸ் பாக்கவே மாட்டாங்க."

"பாப்பாங்க. ஸ்கேல் வச்சுப் பாப்பாங்க."

"மெஷின் தானாகவே தாளுக்குள்ள அடக்கிக் கொடுக்குது. அத எடுத்துட்டா ஓரத்துக் கோடு கட் ஆயிடும். அப்புறம் அதுக்கு வந்து என் திமாக்க, மூளையத் தின்னுடுவீங்க."

எடுத்துவிட்டு அடித்துக் காட்டினாள். அவள் சொன்னபடியே வலது ஓரத்துக் கோடும் கீழ்க்கோடும் இல்லாமல் தாள் வாய் திறந்து கிடந்தது. வரிசையில் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். ஒருவர் என் தலைக்கு மேலாகத் தன் அட்டையை நீட்டினார். நான் நகரவில்லை. அண்ணனும் நகரவில்லை. அவன் கொஞ்ச நேரம் தாளையே பார்த்துவிட்டு, ஓரத்துக் கட்டங்கள் நமக்குத் தேவையே இல்லையே என்றான். போனில் குறுக்கே பன்னிரண்டு, நெடுக்கே பதினெட்டு என்று கட்டத்தின் எண்ணிக்கையைக் குறைத்தான். நாலு பக்கமும் வெள்ளை விட்டு, நடுவில் கட்டம் முழுசாக வந்தது. ஸ்கேல் வைத்தேன். பதினைந்து.

ஆறு தாள் கேட்டோம். அக்கா நேரத்தை மிச்சம் பண்ண, அந்த ஒரு தாளையே ஜெராக்ஸ் மெஷினில் வைத்து ஐந்து நகல் எடுத்துத் தந்துவிட்டாள். நான் ஒவ்வொன்றாக ஸ்கேல் வைத்தேன். தாள் லேசாகக் கோணி, கட்டம் கொஞ்சம் பெரிதாகியிருந்தது.

"ஜெராக்ஸ் வேண்டாங்க்கா. எல்லாம் பிரிண்ட்டாவே வேணும்."

அக்கா இடுப்பில் கை வைத்து அண்ணனைப் பார்த்தாள். "உங்க வீட்ல சப் லோக், எல்லாருமே இப்படித்தானா பையா?"

"இல்லக்கா" என்றான் அண்ணன். "எங்க வீட்டுல வாயத் தொறந்து கேக்குறது இவ ஒருத்திதான்."

அக்கா சிரித்துவிட்டு மறுபடி அடித்தாள். ஆறும் சரியாக இருந்தன.

அன்றைக்கே தரையில் குப்புறப் படுத்து வரைந்தேன். மோரி மூன்றுக்கு நாலு. சமையல் மேடை ஆறுக்கு இரண்டு. ஏணி நடுவில், ஒன்பதாம் கோட்டின்மேல் உட்கார்ந்திருந்தது. குழாயை ஒரு வட்டமாகப் போட்டேன். பள்ளிக்கு ஒன்று முடிந்ததும், பெரியப்பா குனிந்து, "வீட்டுக்கும் ஒண்ணு போடு தாயி. பென்சில்லயே போடு, மை வேண்டாம்" என்றார். போட்டேன். அவர் அதைக் கையில் வாங்கி, பத்திரிகை படிப்பதுபோல் வெகுநேரம் படித்தார். பிறகு தானே செல்லோடேப் வைத்துப் பீரோக் கதவில் ஒட்டினார். என் பள்ளி வாழ்க்கையில் பீரோமேல் ஏறிய முதல் படைப்பு அது.

செவ்வாய்க்கிழமை காலை பல் துலக்கிவிட்டு வந்து பார்த்தபோது படத்தின் குறுக்கே ஒரு கோடு இருந்தது. நான் போடாத கோடு. ஒன்பதாம் கோட்டின் மேல், இடமிருந்து வலமாக, துணியில் சாக்பீஸ் இழுத்ததுபோல் லேசாக. ஸ்கேல் வைத்து நேராகத்தான் போட்டிருந்தார்கள். ஆனாலும் அது என் படம். யார் கிறுக்கியது என்று கேட்டேன். கேட்டது யார் காதிலும் விழவில்லை. அம்மா எனக்கு இரண்டாவது இட்லி வைத்தாள்.

மறுநாள் அந்தக் கோடு எச்சில் தொட்டு அழித்ததுபோல் மங்கியிருந்தது. அதற்குப் பதிலாக ஒரு கட்டம் முன்னால், கதவுப் பக்கமாக, இன்னொரு கோடு. இது அழுத்தமானது. தோலில் ஊசியால் கீறியதுபோல் தாளுக்குள் பதிந்திருந்தது. அதற்கடுத்த நாள் கோடு மறுபடி பின்னால் நகர்ந்திருந்தது. ஆனால் நேராக இல்லாமல் ஏணிக்கிட்டே வளைந்து, இரண்டு பக்கத்துக்கும் பாதி ஏணி வரும்படி மடங்கிப் போனது. அதற்கும் மறுநாள் மோரியின் குறுக்கே ஒரு கோடு வந்தது. குழாய் வட்டத்தையே அது இரண்டாகப் பிளந்தது. ஒரு குழாயை எப்படிப் பாதி பாதியாக வரைய முடியும் என்று எனக்கு எரிச்சலாக வந்தது.

வீட்டில் அப்போது நிலவிய மரியாதை சொல்லி முடியாது. அப்பா, பெரியப்பாவுக்குத் தண்ணீர் மொண்டு கொடுத்தார். பெரியம்மா, அம்மாவை முதலில் குளித்துவிட்டு வரச் சொன்னாள். யாரும் சத்தமாகப் பேசவில்லை. பேசவே இல்லை என்பதுதான் சரி. அண்ணன் மட்டும் மேல்தட்டில் எதையோ வரைந்துகொண்டிருந்தான். மிச்சமிருந்த நாலு வெற்றுத் தாளும் அவனிடம்தான் இருந்தன. ஏறிப் பார்த்தேன். ஒன்றில், பின்பக்க ஜன்னலுக்குக் கீழே நாலுக்கு ஆறு என்று ஒரு செவ்வகம் போட்டிருந்தான்.

"இது என்ன, கேரம் போர்டா?"

"ஆமா, கேரம் போர்டு. போய்ப் படி."

வெள்ளிக்கிழமை மிஸ் தாள்களைத் திருப்பிக் கொடுத்தார். ஸ்கேல் வைத்துப் பார்த்ததற்கு அடையாளமாகக் கட்டத்தின் மேல் சிவப்பு டிக் இருந்தது. ஆனால் மார்க் எட்டுதான். செம்பூரில் பெரிய ஃபிளாட்டில் குடியிருந்த மிஸ், என் படத்தின் ஓரத்தில், ஒவ்வோர் அறையின் பெயரையும் எழுதவில்லை என்று குறித்திருந்தார். ஒரே அறைதான் மிஸ் என்றேன். அப்படியானால் அதையாவது எழுது. திங்கட்கிழமை சுத்தமான படம் கொண்டுவந்தால் பத்துக்குப் பத்து போட்டு, பெற்றோர் வரும் நாளில் சுவரில் மாட்டுகிறேன் என்றார். திருத்திய படத்தில் சிவப்பு மை. அதைச் சுத்தம் என்று சொல்ல முடியாது. வெற்றுத் தாள்களை அண்ணன் தீர்த்துவிட்டான். ஜெராக்ஸ் கடை அக்கா முகத்தில் மறுபடி விழிக்க எனக்கே தைரியம் இல்லை. மிஞ்சியது பீரோமேல் இருந்த படம்தான்.

சனிக்கிழமை மத்தியானம் ஆண்கள் வேலைக்குப் போயிருந்தார்கள். அம்மாவும் பெரியம்மாவும் ரேஷன் கடைக்குப் போனார்கள். நான் புது ரப்பரை எடுத்து, ஸ்டூலில் ஏறி, பீரோவில் ஒட்டியிருந்தபடியே அழிக்கத் தொடங்கினேன். லேசான கோடுகள் ஒரே தேய்ப்பில் போயின. அழுத்தமான கோடுகள் போக மறுத்தன. கட்டத்தின் சாம்பல் கோடு அழியாமல், நான் போட்ட ஏணி அழியாமல், அந்நியக் கோட்டை மட்டும் அழிக்க வேண்டும். ரப்பரின் முனையால் நூல் பிடித்ததுபோல் தேய்த்தேன். கை வலித்தது. இறங்கி, கையை உதறிவிட்டு, மறுபடி ஏறினேன். கடைசியில் தாள் சுத்தமாயிற்று. சாய்ந்து பார்த்தால் மட்டும் பள்ளமாக ஒரு தடம் தெரிந்தது. நேராகப் பார்த்தால் ஒன்றுமில்லை. உள்ளே பெரிய எழுத்தில் "வீடு" என்று எழுதினேன். மிஸ்ஸுக்காக ஆங்கிலத்திலும் எழுதினேன். ரப்பர் துகள்களைப் பெருக்கித் தள்ளிவிட்டு விளையாடப் போனேன்.

சாயங்காலம் முதலில் வந்தவர் அப்பா. சட்டையின் பொத்தானை அவிழ்த்துக்கொண்டே பீரோவைப் பார்த்தவர், பாதிப் பொத்தானில் நின்றார். கிட்டே போனார். கட்டைவிரலால் அந்தப் பள்ளத்தைத் தடவினார். என் கையெழுத்தில் இருந்த சொல்லை அவர் கவனித்ததாகவே தெரியவில்லை. அங்கே இல்லாத கோட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கீழே உட்கார்ந்து சுவரைப் பார்த்தார். பெரியப்பா வந்து, ஒரு காலில் செருப்போடு வாசலிலேயே நின்று பார்த்தார். தாளைப் பார்த்தார். உட்கார்ந்திருந்த தம்பியைப் பார்த்தார். அப்பா நிமிர்ந்து தன் அண்ணனைப் பார்த்தார். அழித்தது யார் என்று இரண்டு பேரும் கேட்டுக்கொள்ளவில்லை. கேட்கத் தேவையில்லை என்று இரண்டு பேருமே நினைத்திருக்க வேண்டும். நானும் சொல்லவில்லை; யாரும் என்னைக் கேட்கவில்லை.

அண்ணன் வந்து நேரே மேல்தட்டுக்கு ஏறிவிட்டான். பெரியம்மா டீ கொண்டுவந்தாள். ஒரு வாய் குடித்துவிட்டுப் பெரியப்பா சொன்னார்:

"தம்பி, மழைக்கு முன்னால அந்தக் கூரைத் தகரத்த மாத்திப்புடணும்லா?"

"ஆமா அண்ணாச்சி. முழுசா மாத்திருவோம். ரெண்டு பேருமா நின்னு பாத்துக்கிடலாம்."

"பெறவு அவனுக்கு..." பெரியப்பா மேல்தட்டைப் பார்த்தார். "கோபர்கைரனேல ஒரு ரூமு வாடகைக்குப் பாத்தா என்ன?"

"நானே அதச் சொல்லணும்னுதான் இருந்தேன். அட்வான்ச நாம ரெண்டு பேருமாப் போட்டுருவோம்."

அதற்குமேல் இருவரும் நிறுத்தாமல் பேசினார்கள். ஊரில் எப்போதோ கிணற்றில் விழுந்த ஒரு மாட்டைப் பற்றிக்கூடப் பேசிச் சிரித்தார்கள். பெரியம்மா சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அம்மா அவள் கையிலிருந்த டம்ளரை வாங்கி வைத்தாள். எனக்கு மார்க் கிடைக்கப்போகிற சந்தோஷம் வீடு முழுக்கப் பரவிவிட்டதாக நினைத்தேன். மேல்தட்டிலிருந்து மட்டும் ஒரு சத்தமும் இல்லை.

திங்கட்கிழமை பத்துக்குப் பத்து வாங்கினேன்.

அண்ணன் கல்யாணம் நடந்தது. பாண்டுப்காரர்களுக்குத் தனி அறை கிடைத்தது, கடலுக்கு அந்தப் பக்கம், நவி மும்பையில். சாமான் ஏற்ற டெம்போ வந்த காலையில் மதினி உள்ளே விடைபெற்றுக்கொண்டிருந்தாள். சந்து குறுகல் என்பதால் டெம்போ மெயின் ரோட்டில் நின்றது. நான் ஒரு வாளியைத் தூக்கிக்கொண்டு அண்ணனோடு போனேன். அவன் கட்டிலின் சட்டங்களைக் கயிற்றால் இழுத்துக் கட்டிக்கொண்டே கேட்டான்:

"ஏட்டி, அந்தக் கோட்ட அழிச்சது எங்கப்பாவா, சித்தப்பாவா? நீ வீட்டுலதான இருந்த?"

"நான்தான் அழிச்சேன்" என்றேன். "அசிங்கமா இருந்துச்சு. புது ரப்பரே பாதி தேஞ்சு போச்சு தெரியுமா?"

அவன் கை கயிற்றில் அப்படியே நின்றது. பிறகு சிரித்தான், டெம்போ டிரைவர் திரும்பிப் பார்க்கும் அளவுக்கு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தான். சிரித்து முடித்ததும் குனிந்து என் கையிலிருந்த வாளியை வாங்கிக்கொண்டான்.

"இத வேற யார்ட்டயாவது சொன்னியா?"

"இல்ல."

"சொல்லாத. எங்கப்பாட்டயும் சித்தப்பாட்டயும் சொல்லவே சொல்லாத. என்னா?"

"ஏன்?"

"கணக்குத் தப்பாப் போயிரும்."

டெம்போ கிளம்பிப் போனது. மிஸ் போட்ட பத்து மார்க்கைத் திரும்ப எடுத்துக்கொண்டுவிடுவாரோ என்று பயந்து, நான் யாரிடமும் மூச்சு விடவில்லை.